"கட்டுபடியாகாதும்மா" என்றால் இன்னும் பேசலாம் என்று அர்த்தம்

என் தம்பி மனைவி புனேயில் பிறந்து வளர்ந்தவள். வீட்டில் பேசிய தமிழ் என்பதால் பிழையில்லாமல் பேசுவாள். ஆனால் அந்தத் தமிழ் வீட்டு வாசற்படியோடு நின்றுவிட்டது, கடைத்தெருவுக்கு இறங்கியதில்லை. மதுரைக்குக் குடிவந்த முதல் வாரத்தில் ஒருநாள் காலை ஏழு மணிக்குத் தெருமுனைக் காய்கறிக் கடையில் போய் நின்றாள். கத்திரிக்காய் விலை கேட்டாள், வெண்டைக்காய் விலை கேட்டாள், தக்காளியைப் புரட்டிப் பார்த்தாள். அப்புறம் "சும்மாதான் கேட்டேன்" என்று திரும்பிவிட்டாள். கடைக்கார அம்மா "போணி பண்ற நேரத்துல வந்து..." என்று ஆரம்பித்தது எங்கள் மாடி வரை கேட்டது.

மேலே வந்து, "மதினி, போணின்னா பாத்திரம்தானே? எங்க ஆச்சி அப்படித்தான சொல்லுவாங்க. நான் அவங்க பாத்திரத்தைத் தொடவே இல்லையே?" என்றாள்.

அன்று அவளுக்குச் சொல்ல ஆரம்பித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். எங்கள் அப்பா கீழமாசி வீதியில் மொத்தமாகச் சரக்கு எடுத்து, எங்கள் தெருவில் சில்லறையாக விற்றவர். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் நான் வீட்டுப்பாடம் எழுதுவேன். ஆகவே மேசைக்கு இரண்டு பக்கமும் நின்றவள் என்கிற தைரியத்தில் எழுதுகிறேன்.

முதலில் போணி

அன்றைய முதல் வியாபாரம்தான் போணி. முதலில் வருகிற காசைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள், சிலர் தராசில் தொட்டுக் கல்லாவில் போடுவார்கள். எங்கள் அப்பா அந்தக் காசைப் பருப்பு மூட்டை மேல் ஒருமுறை வைத்து எடுப்பார். முதல் ஆள் வாங்காமல் போனால் அன்று முழுக்க அப்படியே போகும் என்பது நம்பிக்கை. நீங்கள் நம்ப வேண்டியதில்லை, நம்புகிறவரிடம் போய் நிற்கிறீர்கள் என்று தெரிந்தால் போதும்.

காலையில் கடை திறந்தவுடன் போனால் மூன்று விஷயம் செய்யக்கூடாது. வாங்குகிற எண்ணம் இல்லாமல் விலை கேட்கக்கூடாது. கடன் சொல்லக்கூடாது. நேற்று வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கக்கூடாது, அது அழுகலாக இருந்தாலும் பதினொரு மணிக்கு மேல் போங்கள். இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. போணி ஆகாத கடைக்காரருக்கு உங்களை விட மனம் வராது. "இன்னும் போணி ஆகல, நீங்க போணி பண்ணுங்க, கேட்ட விலைக்கே தர்றேன்" என்று அவரே சொன்னால் அது வெறும் பேச்சில்லை, நிஜமாகவே கொஞ்சம் இறங்குவார். ஆனால் அதையே சாயங்காலம் நாலு மணிக்கும் ஒருவர் சொன்னால் சிரித்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள்.

எப்படிக் கேட்பது

"கத்திரிக்காய் என்ன விலைக்கு விற்கிறீர்கள்?" என்று யாரும் கேட்பதில்லை. "கத்திரிக்கா எப்படிம்மா?" அவ்வளவுதான். காய் எப்படி இருக்கிறது என்ற கேள்வி அல்ல அது. கிலோ என்ன விலை என்ற கேள்வி. விற்பதையும் விற்பது என்று சொல்வதில்லை, "எப்படிக் குடுக்குறீங்க?" என்பதுதான் பேச்சு.

வாங்குவதற்கும் பொருளுக்குப் பொருள் வினைச்சொல் மாறும். காய்கறி வாங்குவோம். சேலையும் நகையும் எடுப்போம். ஆடு மாடு பிடிப்போம். வீடு என்றால் முடிப்போம். காலி மனையை வாங்கிப் போடுவோம். பால்காரர் பால் ஊற்றுவார், நாம் பால் ஊற்றிக்கொள்வோம். என் தம்பி மனைவி ஜவுளிக்கடையில் "ஒரு புடவை வாங்க வந்தேன்" என்று சொன்னதில் தவறு எதுவுமில்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியத்திலேயே விற்பனைப் பையன் அவளை வெளியூர் என்று கணக்குப் போட்டுவிட்டான். "சேலை எடுக்கணும், முகூர்த்தத்துக்கு" என்றால் முதலில் விரிக்கும் சேலையே வேறாக இருக்கும்.

விலை சொன்னதும் நேராகக் குறைக்கச் சொல்லாமல் "பார்த்துப் போடுங்க" என்பார்கள். இதில் இரண்டு வேண்டுகோள் இருக்கிறது: விலையையும் பார்த்துப் போடுங்கள், எடையையும் பார்த்துப் போடுங்கள். தராசு முள் கொஞ்சம் நம் பக்கம் சாய்வது இந்த வார்த்தைக்குத்தான்.

மறுப்பின் படிக்கட்டு

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். கடைக்காரர் சொல்கிற "முடியாது"க்குப் பல படிகள் உண்டு. எந்தப் படியில் நிற்கிறோம் என்று தெரியாவிட்டால் ஒன்று ஏமாந்து வாங்குவோம், இல்லையென்றால் நல்ல விலையை விட்டுவிட்டு வருவோம்.

"கட்டாதும்மா", "கட்டுபடியாகாதுக்கா" என்பது முதல் படி. பேச்சு இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். உண்மையிலேயே கட்டாதவர் அதைச் சொல்லிக்கொண்டு நிற்க மாட்டார், அடுத்த ஆளைப் பார்க்கத் திரும்பியிருப்பார்.

"நடக்குற மாதிரி கேளுங்க", "ஆகுற பேச்சாப் பேசுங்க" என்றால் நீங்கள் ரொம்பக் கீழே கேட்டுவிட்டீர்கள். கோபம் இல்லை, ஆனால் எரிச்சலின் ஆரம்பம். கொஞ்சம் ஏற்றிக் கேட்டால் பேச்சு தொடரும்.

"அசலே வராது", "வாங்குன விலைகூட இல்ல", "கைக்காசு போகும்". இதெல்லாம் ஒரே படிதான். நூற்றுக்கு எண்பது தடவை உண்மை இல்லை, ஆனால் தரையை நெருங்கிவிட்டீர்கள் என்று தெரிவிக்கிற வார்த்தைகள். எங்கள் அப்பா "அசலே வராது" என்று சொல்லும்போது வலது கை தானாகப் பொட்டலம் கட்டும் தாளை எடுத்துக்கொண்டிருக்கும். வாயைப் பார்க்காதீர்கள், கையைப் பாருங்கள்.

"நாலு கடை விசாரிச்சுட்டு வாங்க" என்றால் இரண்டில் ஒன்று. விலையில் அவருக்கு நம்பிக்கை இருக்கிறது, அல்லது உங்கள் மீது நம்பிக்கை போய்விட்டது. விசாரித்துவிட்டுத் திரும்பி வருவது அவமானம் இல்லை, ஆனால் வந்தபின் அவர் சொன்ன விலைக்கே எடுக்க வேண்டும்.

"போயிட்டு வாங்க" என்றால் கதவு சாத்தியாயிற்று. இதற்கு மேல் பேசினால்தான் சண்டை.

இவற்றில் எதுவும் இல்லாமல் நீங்கள் நகர்ந்து பத்தடி போனபின் பின்னாலிருந்து "சரி, வாங்க!" என்று கேட்டால், நீங்கள் கேட்ட விலை படிந்துவிட்டது. படிவது என்றால் பேரம் முடிவுக்கு வருவது. "படியல" என்றால் வரவில்லை. அப்படிக் கூப்பிட்டபின் திரும்பிப் பார்க்காமல் போவது பெரிய மரியாதைக் குறைவு. வேண்டாம் என்றால் ஆரம்பத்திலேயே கேட்டிருக்கக்கூடாது.

"நீங்க கேளுங்க" என்ற பொறி

விளக்குத்தூண் பக்கம் ஒரு நடைபாதைக் கடையில் என் தம்பி மனைவி தோள்பை பார்த்தாள். "எவ்வளவு?" என்றாள். "எழுநூறு சொல்றது. நீங்க எவ்வளவுக்குக் கேக்குறீங்க, கேளுங்க" என்றார். அவள் தைரியமாகப் பாதிக்கும் கீழே, "முந்நூறு" என்றாள். "எடுத்துக்குங்க!" அந்த வார்த்தை முடிவதற்குள் பை கவருக்குள் போய்விட்டது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம், "அப்ப அது இருநூறுதானா மதினி?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். நூற்றைம்பதாகக்கூட இருக்கலாம், நான் சொல்லவில்லை.

"எழுநூறு" என்று சொல்லாமல் "எழுநூறு சொல்றது" என்றாரே, அதைக் கவனித்தீர்களா? சொல்கிற விலை வேறு, கொடுக்கிற விலை வேறு என்று அவரே ஒப்புக்கொண்ட வாக்கியம் அது. அப்போது நீங்கள் கேட்க வேண்டியது, "சொல்றது இருக்கட்டும், குடுக்குறது எவ்வளவு?" அவர் மறுபடி "நீங்க கேளுங்க" என்றால், "எனக்கு விலை தெரியாது, நீங்களே முடிச்சுச் சொல்லுங்க" என்று பந்தை அவர் பக்கமே தள்ளுங்கள். வாய்விட்டு ஒரு தொகை கேட்டு, அவர் சரி என்றும் சொல்லிவிட்டால், எடுத்தே ஆக வேண்டும். அதுதான் சந்தை நியாயம்.

வாசலில் "கறார் விலை" என்றோ "ஒரே விலை" என்றோ பலகை இருந்தால் பேரம் பேச வேண்டாம். சில கடைகளில் பலகையைத் தாண்டியும் நடக்கும், ஆனால் அது பழகின முகத்துக்கு. இன்னொன்று, "அடிமாட்டு விலைக்குக் கேக்குறீங்களே" என்பது விற்பவர் சொல்லும் வார்த்தை. உழைத்து ஓய்ந்து இறைச்சிக்குப் போகும் மாட்டின் விலை அது. நீங்கள் வாங்கிவிட்டு வந்து வீட்டில் பெருமை பேசலாம், கடைக்காரர் முன் சொல்லாதீர்கள். நீங்கள் சொல்ல வேண்டியது, "யானை விலை குதிரை விலை சொல்றீங்களே!" அதைக் கொஞ்சம் சிரித்துக்கொண்டு சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

முழம் யாருடையது

பூக்காரியிடம் மீட்டர் கிடையாது, அவர் கைதான் அளவு. முழங்கை முட்டியிலிருந்து நடுவிரல் நுனி வரை ஒரு முழம். முழங்கையை மடக்கி, சரத்தின் நுனியை முட்டியில் வைத்து விரல் வரை இழுக்கும்போது இரண்டு விஷயம் பார்க்க வேண்டும்: விரல் நீட்டியிருக்கிறதா, மடங்கியிருக்கிறதா? சரம் தொய்வாக இருக்கிறதா, விறைப்பாக இழுக்கிறாரா? விரலை மடக்கி, சரத்தை இழுத்து அளந்தால் நாலு முழத்துக்கு அரை முழம் அவர் கூடையிலேயே தங்கிவிடும். என் அம்மா ஒல்லியான உயரமான பூக்காரியாகப் பார்த்துத்தான் வாங்குவாள். கையும் நீளம் என்பதுதான் காரணம்.

அடுத்தது, நெருக்கிக் கட்டின பூவா, கலக்கக் கட்டின பூவா? கலக்க என்றால் இடைவெளி விட்டு. முழம் அதேதான், பூ பாதிதான் இருக்கும். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் உதிரிப்பூவை எடை போட்டு வாங்கி வீட்டில் கட்டிக்கொண்டால் இந்தக் கவலை இல்லை. சாயங்காலம் சூட வேண்டுமென்றால் அரும்பாக வாங்குங்கள், காலையிலேயே விரிந்த பூ மாலைக்குத் தாங்காது. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிகையின் அரும்புக்குக் காம்பும் இதழும் தடித்திருக்கும், அதனால் கொஞ்சம் நேரம் கூடுதலாகத் தாங்கும்.

விலை ஏன் இப்படி என்று கேட்டால் "வரத்து இல்லம்மா" என்பார்கள். சந்தைக்கு வந்து இறங்குகிற சரக்குதான் வரத்து. மார்கழி, தை பனியில் செடி அதிகம் பூக்காது, முகூர்த்தமும் பொங்கலும் வரும். கிலோ 2,000 ரூபாயைத் தாண்டுவதெல்லாம் அப்போதுதான். அந்த நாளில் பூவுக்குப் பேரம் பேசுவது வீண்.

கூறு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தக்காளி, எலுமிச்சை, மாங்காய் இவற்றைத் தரையில் சின்னச் சின்னக் குவியலாகக் கூறு கட்டி வைத்திருப்பார்கள். "கூறு இருபது" என்றால் ஒரு குவியல் இருபது ரூபாய். மேலே இருப்பது அழகாக இருக்கும், அடியில் இருப்பதுதான் விலை. இரண்டு கூறு வாங்குவதாகச் சொல்லி மூன்றாவதிலிருந்து ஒன்றிரண்டு மாற்றிக்கொள்ளச் சொல்வதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வெற்றிலை என்றால் கவுளி, எங்கள் பக்கம் நூறு இலை. வாழைப்பழம் சீப்பு, தார். கீரை கட்டு.

மளிகையில் "காணும்"

அரிசிக் கடையில் ஒரு வார்த்தை வெளியூர்க்காரரைக் குழப்பும். "இது நல்லாக் காணும்மா" என்பார்கள். கண்ணுக்குத் தெரிவது பற்றிய பேச்சு இல்லை. ஒரு படி அரிசி போட்டால் சோறு நிறைய வரும் என்று அர்த்தம். "புதுசு காணாது, பழசு எடுங்க" என்றால், அறுவடை ஆகிச் சில மாதம் இருந்த அரிசியை எடுங்கள், அது உதிரியாகவும் நிறையவும் வேகும் என்று பொருள். அரிசியில் பழசுக்குத்தான் விலை கூடுதல்.

"நயம்" என்றால் முதல் தரம். நயம் புளி, நயம் துவரம்பருப்பு. அந்த வார்த்தை இல்லாமல் வெறும் "துவரம்பருப்பு" என்று சொன்னால் கடைக்காரர் இரண்டாம் தரத்தை எடுத்துப் போட்டாலும் நாம் குறை சொல்ல முடியாது.

சிப்பம் என்பது சின்ன மூட்டை. நெடுநாளாக 25 கிலோதான் சிப்பம். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பொட்டலமிட்டுப் பெயர் அச்சிட்ட அரிசிக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி வந்தது. உடனே 26 கிலோ சிப்பம் வந்துவிட்டது. ஒரு கிலோ கூட்டினால் வரி இல்லையே! எனவே இரண்டு கடையில் சிப்பம் விலையை ஒப்பிடும்போது முதலில் எத்தனை கிலோ சிப்பம் என்று கேளுங்கள்.

கடன் வாங்குவதற்குப் பற்று என்று பெயர். "பற்றுல எழுதிக்குங்க" என்று சொல்ல, அந்தத் தெருவில் கொஞ்ச வருஷமாவது இருந்திருக்க வேண்டும். "கடன் அன்பை முறிக்கும்" பலகை எங்கள் கடையிலும் தொங்கியது. அதற்கு நேர் கீழேதான் பற்று நோட்டும் இருந்தது.

நகைக்கடையில் பேரம் எங்கே

பவுன், சவரன் இரண்டும் ஒன்றுதான், 8 கிராம். எங்கள் ஊர்ப் பேச்சில் பவுன், பத்திரிகையில் சவரன். கிராம் விலையில் யாரும் பேரம் பேசுவதில்லை, அது பலகையில் எழுதியது. பேரம் இருப்பது சேதாரத்தில்.

நகை செய்யும்போது தங்கம் தேய்ந்து போவதாகச் சொல்லிக் கூடுதலாகச் சேர்க்கும் எடைதான் சேதாரம். 8 கிராம் சங்கிலிக்கு 12 சதவீதம் சேதாரம் என்றால், கழுத்துக்கு வருவது 8 கிராம், பில்லுக்கு வருவது 8.96 கிராம். 8 சதவீதம் என்றால் 8.64. அப்புறம் செய்கூலி, எல்லாவற்றுக்கும் மேல் 3 சதவீதம் ஜிஎஸ்டி. "செய்கூலி இல்லை" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தால் சேதாரத்தைப் பாருங்கள், அங்கே போய் உட்கார்ந்திருக்கும். நகையைத் திருப்பி விற்கும்போது சேதாரம் திரும்பி வராது. ஆகவே இரண்டு கடையை ஒப்பிட, "எல்லாம் சேர்த்து எவ்வளவு வருது?" என்ற ஒரே கேள்விதான். அதன் பிறகு, "சேதாரம் பார்த்துப் போடுங்கண்ணே" என்று ஆரம்பிக்கலாம். கல் வைத்த நகை என்றால் கல் எடையைக் கழித்துத்தான் தங்கத்துக்குக் கணக்குப் போட்டார்களா என்று கேட்டே தீர வேண்டும்.

916 என்றால் 22 காரட், நூற்றுக்கு 91.6 பங்கு தங்கம். 2023 ஏப்ரல் 1 முதல் கடையில் விற்கும் ஹால்மார்க் நகையில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹெச்யூஐடி, அதாவது அந்த நகைக்கே உரிய அடையாளக் குறியீடு இருக்க வேண்டும், பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பார்க்கலாம். கடையிலேயே நின்று போட்டுப் பாருங்கள், முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

மாட்டுச் சந்தை பற்றி நீளமாக எழுத ஆசைதான், ஆனால் உங்களில் எத்தனை பேர் மாடு பிடிக்கப் போகிறீர்கள்? துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, அதற்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவருக்குத் தொகை தெரியாது. வயதை வருஷத்தில் சொல்லாமல் பல்லில் சொல்வார்கள்: ரெண்டு பல், நாலு பல், ஆறு பல். கிடா வாங்கினாலும் இதே கணக்குதான்.

பழைய வண்டியும் மனையும் பேசும்போது ஒரு எச்சரிக்கை. தரகர் வாயில் ரூபாய் என்பது ரூபாய் இல்லை. மனையில் "பன்னெண்டு ரூபா சொல்றாங்க" என்றால் பன்னிரண்டு லட்சம். பழைய பைக்கில் "முப்பது ரூபா" என்றால் முப்பதாயிரம். சந்தேகம் வந்தால் வெட்கப்படாமல் கேட்டுவிடுங்கள்.

கொசுறும், வெளியே வருவதும்

வாங்கியதற்கு மேல் சும்மா போடுவது கொசுறு. காய்கறிக் கடையில் கறிவேப்பிலை, கொத்தமல்லி. கேட்க நேரம் உண்டு: காசு கொடுத்தபின், பையை மூடுவதற்கு முன். அதற்கு முன்னால் கேட்டால் பேரத்தோடு சேர்த்துக் கணக்குப் பண்ணிவிடுவார்கள். இப்போது கைபேசியில் பணம் போட்டால், பெட்டி சத்தமாகத் தொகையைச் சொல்லும் வரை கடைக்காரர் நம் முகத்தைப் பார்ப்பதில்லை. சொல்லி முடித்த அந்த நொடிதான் கொசுறு நேரம். கால் கிலோ தக்காளி வாங்கிவிட்டுக் கொசுறு கேட்கக்கூடாது. கறிவேப்பிலை விலை ஏறிக் கிடக்கிற மாதத்தில் "அஞ்சு ரூபாய்க்கு வாங்கிக்கிருங்க" என்றால், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

எதுவும் பிடிக்கவில்லை, வெளியே வர வேண்டும். அப்போது "வேண்டாம்" என்று சொல்லாதீர்கள், அது அபசகுனம் மாதிரி விழும். கடைக்காரர்களும் சரக்கு தீர்ந்துவிட்டால் "இல்லை" என்று சொல்வதில்லை, "வர வேண்டியிருக்கு" என்பார்கள். அதே நாகரிகத்தில் நாமும், "பார்த்துட்டு வர்றோம்" என்று சொல்லிவிட்டு இறங்க வேண்டும். வரமாட்டோம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். "வாங்க, வாங்க" என்று அவரும் சொல்வார்.

எங்கள் அப்பாவும் அப்படித்தான் சொல்லி அனுப்புவார். அவர்கள் தெருமுனை தாண்டியதும் என் பக்கம் திரும்பி, "பார்த்துட்டு வர்றோம்னு போனவங்க எல்லாம் வந்திருந்தா, இந்நேரம் கடையை இடிச்சு மாடி கட்டியிருப்பேன்" என்பார்.